இரண்டு விரல் இடைவெளி

கார்செட்டின் முதுகு ஒருபோதும் முழுசாக மூடக்கூடாது. இடுப்பை இறுக்கிக் கட்டுகிற அந்த உள்ளுடுப்பைத் தைத்துப் பிழைத்த போர்ட்ஸீத் துறைமுகப் பெண்களில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். முதுகின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி நிற்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, தண்டவாளம் மாதிரி. மேலே விரிந்து கீழே நெருங்கினால் வெட்டியவள் தப்பு. நடுவில் மட்டும் பிதுங்கினால் நாடா இழுத்தவள் தப்பு. இரண்டு ஓரமும் வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் தப்பு கார்செட்டில் இல்லை, உள்ளே இருக்கிற உடம்பில்.

ஹெஸ்டர் பதினாறு வருஷமாகக் கார்செட் ஆலை ஒன்றில் கண் அடிப்பவள். முதுகு ஓரங்களில் நாடா நுழைவதற்காக வரிசையாகப் பதிக்கிற பித்தளை வளையங்களுக்கு அங்கே கண் என்று பேர். ஓரத்துக்குப் பதின்மூன்று, ஒரு கார்செட்டுக்கு இருபத்தாறு. பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் உடம்பின் மொத்த இழுப்பும் அந்த இருபத்தாறு ஓட்டைகளில் வந்துதான் நிற்கும். அதனால் ஓட்டையை வெட்டி எடுக்கக் கூடாது. வெட்டினால் இழை அறுந்துவிடும், இரண்டே மாதத்தில் கண் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். குத்தூசியின் முனையை இழைகளுக்கு நடுவே விட்டு, மெல்லச் சுழற்றி, சந்தைக் கூட்டத்தில் தோளால் வழி உண்டாக்கிக்கொண்டு போவது போல விலக்க வேண்டும். விலகின இழைகள் திரும்பி வந்து கண்ணின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கண் வரிசைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு எலும்பு. எலும்பு என்பது ஒரு காலத்தில் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்தது. இப்போது எஃகுப் பட்டை, பேர் மட்டும் மாறவில்லை. அவை இல்லாவிட்டால் இழுத்த இழுப்பில் ஓரம் கொசுவி, கயிறு போலச் சுருண்டுவிடும்.

ஹெஸ்டரின் தம்பி ரூபன் கப்பலில் கரி தள்ளுபவன். சீனக் கடலுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது, இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அவன் மனைவி லாட்டி அதே ஆலையில் நாடா கோர்ப்பவள். மேல் கண்ணில் தொடங்கிக் குறுக்கும் நெடுக்குமாக இடுப்பு வரை வந்து, அங்கே பக்கத்துக்கு ஒன்றாக நீளமாய் இரண்டு வளையம் விட்டு, மறுபடி கீழே இறங்க வேண்டும். அந்த வளையங்களை முயல்காது என்பார்கள். மேலேயிருந்தும் கீழேயிருந்தும் தளர்வைக் கொஞ்சம் கொஞ்சமாக இடுப்புக்குக் கொண்டுவந்து, கடைசியில் முயல்காதுகளை இழுத்து முடிந்தால் கட்டு நிற்கும். லாட்டி இதைப் பேசிக்கொண்டே, பார்க்காமலே செய்வாள். நாடாவின் வால் எவ்வளவு நீளம் தொங்குகிறது என்று விரலால் தடவியே இடைவெளி எத்தனை என்று சொல்லிவிடுவாள்.

பேச்சும் அப்படித்தான். கார்செட்டின் முன்பக்கத்தில் இரண்டு எஃகுத் தகடு இருக்கும். ஒன்றில் ஐந்து குமிழ், மற்றதில் ஐந்து கொக்கி வளையம். அது வந்த பிறகுதான் பெண்கள் அடுத்தவர் தயவில்லாமல் தாங்களே மாட்டிக் கழற்ற முடிந்தது. ஆனால் கழற்றுகிறபோது முதலில் முதுகு நாடாவைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் முன்னால் பிடித்து இழுத்தால் குமிழ் தெறித்துப் போகும்.

“கப்பல் வந்த வாரம் ஊர்ல முன்தகடு ஒண்ணு மிச்சமிருக்காது” என்பாள் லாட்டி. “மூணு வருஷம் கடல்ல பொறுத்தவன், மூணு நிமிஷம் நாடாவைத் தளர்த்தப் பொறுக்க மாட்டான். என் வீட்டுக்காரரே ரெண்டு உடைச்சிருக்காரு.”

“அவன் அக்கா இங்கதாண்டி உட்கார்ந்திருக்கேன்” என்பாள் ஹெஸ்டர்.

“இருங்கக்கா. நீங்க வளர்த்த லட்சணத்தைத்தான் சொல்றேன்.”

கிழ ராணி செத்த மறுவருஷம் வசந்தத்தில் லாட்டிக்கு இருமல் வந்தது. ஜூனில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளை சாட்டின்மேல் ஒரு சொட்டு ரத்தம் தெறித்தாலும் துணி பாழ். முதலில் ஒரு சொட்டு, பிறகு அடிக்கடி. ஊர்ப் பெண்களுக்கு அதன் பேர் தெரியும். வாய்விட்டுச் சொல்வதில்லை, “நெஞ்சு” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

ஹெஸ்டரின் கணவன் துறைமுகத்தில் படகு கவிழ்ந்து போய் ஒன்பது வருஷம். அதனால் நாத்தியும் தம்பி மனைவியுமாக இரண்டு பேர்தான் வீட்டில். காலையில் கப்பல்துறைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் லாட்டிக்குக் கட்டிவிட்டுத்தான் ஹெஸ்டர் வேலைக்குப் போவாள். நோயாளிக்குக் கார்செட் எதற்கு என்று அந்தத் தெருவில் ஒருத்தியும் கேட்க மாட்டாள். எழுந்து நடமாடுகிறவள் கட்டிக்கொள்வாள். கட்டாதவள் படுத்துவிட்டவள். அவ்வளவுதான் கணக்கு.

லாட்டி முன்னால் இரண்டாவது குமிழை முதலில் மாட்டுவாள். அப்படித் தொடங்கினால் மற்றவை தானாகப் பொருந்தும். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நிற்பாள். ஹெஸ்டர் இழுத்து முடிந்ததும் கையைப் பின்னால் கொண்டுபோய் இரண்டு விரலை இடைவெளியில் வைத்துப் பார்ப்பாள். அது கல்யாணத்துக்கு அவளே சம்பளத்தில் பிடித்தம் போட்டு எடுத்த கார்செட். இருபத்தி நாலு அங்குல இடுப்பு.

ஜூலையில் ஒருநாள் இரண்டு விரல் நுழையவில்லை. லாட்டி விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“இறுக்கிட்டீங்களா அக்கா?”

“எப்பவும் போலத்தான்.”

“ஒரு விரல்தான் போகுது.”

“நின்ன வாக்குல அப்படி இருக்கும். நேரா நில்லு.”

“நேராத்தான் நிக்கிறேன்.”

அன்றைக்கு ரொட்டியும் அதில் தடவின மாட்டுக் கொழுப்பும் தட்டில் அப்படியே இருந்தன. மறுநாளும். மூன்றாம் நாள் ஹெஸ்டர் ஆட்டு எலும்பு வாங்கிச் சூப்பு வைத்தாள். லாட்டி கரண்டியை வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

“என்ன தின்னாலும் உள்ள ஏதோ ஒண்ணுதான் தின்னுட்டுப் போகுது. அதுக்கு எதுக்கு நான் பரிமாறணும்?” என்றாள்.

“வாயைக் கழுவு. இப்படிப் பேசினா எவளுக்கு உடம்பு தேறும்?”

“நாடா பொய் சொல்லாதுக்கா. பதினோரு வருஷமா நாடாதான் என் வேலை.”

நாடா பொய் சொல்லாது என்று லாட்டி சொன்னதைத்தான் ஹெஸ்டர் ஆலைக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். வாயால் சொல்கிற பொய் லாட்டியிடம் செல்லாது. விரலுக்குத்தான் பொய் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை, “வியர்வை நாறுது, பிரஷ் போட்டு வெயில்ல காயவைக்கணும்” என்று கார்செட்டை எடுத்துக்கொண்டு போனாள். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் தன் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

எங்கே குறைப்பது என்பதுதான் முதல் கேள்வி. பக்கத் தையல்களைப் பிரித்து உள்ளே தள்ளுவதுதான் முறை. ஆனால் லாட்டி கார்செட் கட்டின பிறகு இரண்டு கையாலும் பக்கத்தைத் தடவிவிட்டுக்கொள்வாள். புதுத் தையல் உடனே கைக்குத் தெரிந்துவிடும். முதுகு ஓரம்தான் அவள் கண் போகாத இடம். ஹெஸ்டர் ஓரத்தையே, இரண்டு எலும்பின் உறையும் கண் வரிசையும் சேர்ந்த ஒரு விரல் அகலத் துண்டாக, இரண்டு பக்கமும் நீளவாக்கில் வெட்டி எடுத்தாள். வெட்டின விளிம்பை உள்ளே மடித்து, பழைய துணியிலிருந்து ஒரு பட்டை வைத்துத் தைத்து, இரண்டு எலும்பையும் அதற்குள் நுழைத்தாள். குத்தூசியால் இழை விலக்கி இருபத்தாறு கண் அடித்தாள். புதுப் பித்தளை பளபளவென்று காட்டிக்கொடுக்கும். அதற்கு உப்புப் போட்ட வினிகரைத் துணியில் நனைத்து ஒவ்வொன்றின்மேலும் ஒற்றினாள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் அவை நாலு வருஷம் வியர்வை குடித்தவை போல மங்கிவிடும்.

நிமிர்ந்தபோது மேற்பார்வை மிசஸ் ப்ரிவெட் நின்றிருந்தாள். ஆலைச் சரக்கில் கை வைக்கிறாளோ என்று பார்க்க வந்தவள், பழைய கார்செட் என்று தெரிந்ததும் முகம் மாறினாள்.

“யாரோடது?”

“தம்பி பொண்டாட்டியோடது.”

மிசஸ் ப்ரிவெட் வெட்டின துண்டுகளை எடுத்துப் பார்த்தாள். முப்பது வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“ஓரத்தை வெட்டியிருக்கே. அவளுக்குத் தெரியக் கூடாதுன்னா?”

“ம்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“அவ சாப்பிடற வரைக்கும்.”

“தண்ணிக்கு அக்கரையில ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. நெஞ்சு நோய்க்குன்னே கட்டினது. நம்ம பாதிரியார் வீட்டம்மாவுக்கு அங்க ஆளைச் சேர்த்துக்கச் சொல்ற பாத்தியதை இருக்கு. நான் கேட்டு வைக்கிறேன்.” துண்டுகளை மேசைமேல் வைத்தாள். “தையல் நல்லா இருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

துண்டுகளை எறிய ஹெஸ்டருக்கு மனசு வரவில்லை. மங்கின பழைய கண்களோடு அவற்றைச் சுருட்டி வீட்டில் பிஸ்கட் டின்னில் போட்டாள்.

திங்கட்கிழமை காலை லாட்டி கம்பியைப் பிடித்து நின்றாள். ஹெஸ்டர் முடிந்தாள். விரல் பின்னால் வந்தது. இரண்டும் நுழைந்தன. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன.

“அக்கா.”

“என்னடி?”

“ஒண்ணுமில்ல. பட்டாணிக் கூழ் இருக்கா?”

ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டாள். கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தும் தின்றாள். அன்றைக்கே ரூபனுக்குக் கடிதம் எழுதினாள். தனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் இருமல், நாடா நின்ற இடத்தில்தான் நிற்கிறது, வரும்போது முன்தகட்டை உடைக்கக் கூடாது, இப்போதே எச்சரிக்கிறேன் என்று எழுதி, ஹெஸ்டருக்கும் வாசித்துக் காட்டினாள். ஹெஸ்டர் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கும் பசித்தது.

செப்டம்பரில் இன்னொரு ஜோடித் துண்டு டின்னுக்குப் போனது.

நவம்பரில் மிசஸ் ப்ரிவெட் வந்து சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை காலியாகிறது, தர்ம வைத்தியசாலை டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். ஹெஸ்டர் அரை நாள் விடுப்பு எடுத்து லாட்டியைக் கூட்டிப் போனாள். காற்று கடலிலிருந்து ஊசி ஊசியாக வந்தது. பெஞ்சில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் இளவயசு, காலையிலிருந்து உட்காராதவர் போலக் களைத்திருந்தார். லாட்டியின் மார்பிலும் முதுகிலும் குழாயை வைத்துக் கேட்டார். நிறுத்துப் பார்க்க அங்கே தராசு கிடையாது.

“சளியில ரத்தம் எப்பப்ப வருது?”

“எப்பவாவதுங்க.”

“உடம்பு இளைக்குதா?”

“இல்லீங்க டாக்டர்” என்றாள் லாட்டி. “நாடா நின்ன இடத்துலயே நிக்குது.”

“என்ன நாடா?”

லாட்டிக்கு முகம் மலர்ந்தது. தன் தொழிலைப் பற்றி ஒருவர் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. இரண்டு விரல் கணக்கைச் சொன்னாள். உடம்பு ஏறினால் இடைவெளி விரியும், இளைத்தால் மூடும் என்று கையால் காட்டினாள். “போன வருஷமும் ரெண்டு, இன்னைக்கும் ரெண்டு. நாடா போட்டவளுக்குத் தெரியாதுங்களா?”

டாக்டர் சிரித்தார். களைத்த முகத்தில் அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது. “தராசைவிட நல்ல யோசனையா இருக்கே” என்று சொல்லிவிட்டு ஹெஸ்டர் பக்கம் திரும்பினார். “நீங்கதான் தினம் கட்டிவிடறதா? அவங்க சொல்றது சரியா?”

லாட்டியும் திரும்பிப் பார்த்தாள். கன்னத்தில் காற்றடித்த சிவப்பு. பரிசு வாங்கின பிள்ளை தாயைத் திரும்பிப் பார்ப்பதைப் போல ஒரு பார்வை.

“ரெண்டு விரல் இருக்கு, டாக்டர்” என்றாள் ஹெஸ்டர்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். “வந்திருக்கிறது ஒரே படுக்கை. வாசல்ல ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கா, ரெண்டு மாசத்துல துரும்பாயிட்டா. அவளை அனுப்பிடறேன். உங்களுக்கு உடம்பு தாங்குது. வசந்தத்துல வாங்க, அடுத்த படுக்கை உங்களுக்குத்தான்.”

“அவளுக்கே கொடுங்க டாக்டர்” என்றாள் லாட்டி. “பாவம்.”

வெளியே வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஹெஸ்டர் நினைத்தாள். திரும்பி உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். லாட்டி அவள் கையைக் கோர்த்துக்கொண்டாள்.

“பயந்தே போயிட்டேன்க்கா. அந்தக் கரைக்குப் போனவங்க எத்தனை பேர் திரும்பி வந்தாங்க? அவரு கப்பல் வர்றப்ப நான் துறையில நிக்கணும். அந்த நீளக் கொடியைப் பாக்கணும்.” ஊர் திரும்புகிற கப்பல் உச்சியில் ஒரு கொடி கட்டிக்கொண்டு வரும். எத்தனை மாதம் கடலில் இருந்ததோ அத்தனைக்கு நீளமாக, பாய்மரத்திலிருந்து பின்பக்கத் தண்ணீர்வரை தொங்கும்.

“பாக்கலாம்” என்றாள் ஹெஸ்டர்.

சார்லட் தெருவில் வேகவைத்த கடல்நத்தை வாங்கினார்கள். லாட்டி தன் மார்புத் துணியிலிருந்து குண்டூசியை உருவி, கூட்டுக்குள் விட்டு, ஒரு சுழற்றில் சதையை வெளியே எடுத்தாள். கார்செட்காரிகளுக்கு அதற்கென்று தனியாக ஊசி வேண்டாம். ஏழு தின்றாள். எட்டாவதை ஹெஸ்டர் வாயில் ஊட்டினாள். “இந்தாங்க. மூஞ்சியைப் பாத்தா நீங்கதான் நோயாளி மாதிரி இருக்கீங்க.”

ஹெஸ்டர் அதை மென்று விழுங்கினாள். தெரு முடிந்தது. வீடு வந்தது.

மறுநாள் மிசஸ் ப்ரிவெட் இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“படுக்கை வேற யாருக்கோ போயிடுச்சாமே.”

“ம்.”

“டாக்டர் உன்கிட்ட கேக்கலியா?”

“கேட்டாரு.”

மிசஸ் ப்ரிவெட் திரும்பி நடந்தாள். கண் அடிக்கிற சத்தத்தில் அவள் ஏதோ சொன்னாளா இல்லையா என்று ஹெஸ்டருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் ஹெஸ்டரிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மூன்றாவது ஜோடி. இந்தத் தடவை வெட்டும்போது ஒன்று தெரிந்தது. எல்லாக் குறைப்பையும் முதுகிலேயே செய்தால் கார்செட்டின் சமநிலை கெட்டுவிடும். முன்பக்கம் அப்படியே இருக்க, பின்பக்கம் மட்டும் சுருங்கச் சுருங்க, இடுப்பெலும்புமேல் உட்கார வேண்டிய பக்கத் தையல் கொஞ்சம் கொஞ்சமாக முதுகுப் பக்கம் நகரும். சரிசெய்ய வேண்டுமென்றால் முழுவதையும் பிரிக்க வேண்டும். ஹெஸ்டர் பிரிக்கவில்லை.

ஜனவரியில் லாட்டி பக்கத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். “பக்கத் தையல் எங்கக்கா போகுது?”

“ஒருக்களிச்சே படுத்துக் கிடக்கிறே. உடம்போட அதுவும் திரும்பிக்குது.”

“ஓ.” அவள் கை அந்தத் தையல்மேல் மேலும் கீழும் ஒருமுறை போய் வந்தது. “புதுசா ஒரு கண் மாத்தினீங்களா? ஒண்ணு கீறுது.”

“ஒண்ணு பிடுங்கிக்கிட்டு வந்திருச்சு. மாத்தினேன்.”

“ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்.”

லாட்டி அதற்குமேல் கேட்கவில்லை. ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். கடற்பறவைகள் கரிப்புகை படிந்த கூரைகள்மேல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே அன்றைய கடிதத்தை எழுதினாள். இந்தத் தடவை வாசித்துக் காட்டவில்லை.

பிப்ரவரியில் நான்காவது ஜோடி. அதை வெட்டியபோது ஹெஸ்டரின் கத்தரி பக்கத் தையலை ஒட்டின எலும்பின் உறையில் இடித்தது. அதற்கப்புறம் வெட்ட ஓரம் இல்லை.

மார்ச்சில் ஒரு காலை லாட்டியால் எழுந்து நிற்க முடியவில்லை. ஆனாலும் கட்டிவிடச் சொன்னாள். ஹெஸ்டர் அவளைப் படுக்கையில் உட்காரவைத்து, தன் தோளில் சாய்த்துக்கொண்டு, முன்குமிழ்களைத் தானே மாட்டினாள். இரண்டாவதை முதலில். பிறகு பின்னால் கையை விட்டு நாடாவை எடுத்தாள். இழுக்க அங்கே ஒன்றுமில்லை. தளர்வை மேலேயிருந்தும் கீழேயிருந்தும் கொண்டுவருவது போல விரலை ஓட்டினாள். முயல்காதுகளைப் பிடித்து, இழுக்காமல் முடிந்தாள்.

“ரெண்டு விரல் இருக்கா அக்கா?” என்றாள் லாட்டி, தோளில் முகத்தை வைத்தபடி. அவள் கை பின்னால் வரவில்லை. மடியிலேயே கிடந்தது.

ஹெஸ்டர் தன் இரண்டு விரலை அந்த இடைவெளியில் வைத்தாள். அடியில் முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பட்டன.

“இருக்கு.”

“சங்கு ஊதிருச்சே. வேலைக்குப் போகலியா?”

“போறேன். இரு.”

அவள் போகவில்லை. பத்து மணிக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. தோளில் கனம் ஏறவில்லை, அதனால் அது எப்போது என்று ஹெஸ்டருக்குச் சரியாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி குளிப்பாட்டலாம் என்று வந்து, முன்னால் குமிழைப் பிடித்தாள்.

“முதல்ல நாடாவைத் தளர்த்தணும்” என்றாள் ஹெஸ்டர். “தளர்த்தாம கழற்றக் கூடாது.”

மே மாதம், பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முந்தின வாரம் கப்பல் வந்தது. ஊரெல்லாம் துறை மதில்மேல் நின்று கைக்குட்டை ஆட்டியது. நீளக் கொடி காற்றில் அலைந்து அலைந்து தண்ணீரைத் தொட்டது. ஹெஸ்டர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள். லாட்டி போய்விட்டதைச் சொல்லி அவள் எழுதின கடிதம் ரூபனுக்கு வரும் வழியில் மால்டாவில் கிடைத்திருந்தது.

அவன் வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தான். முகம் கறுத்துப் போயிருந்தது. தலைமுடியில் பாதி நரைத்திருந்தது. ஹெஸ்டர் தேநீரும் ரொட்டியும் வைத்தாள். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். பிரித்தாள். பட்டு நாடா, ஆறு கஜம், தந்த நிறம், இரண்டு நுனியிலும் கண்ணில் நுழைக்க வெள்ளிப் பூண்.

“ஹாங்காங்ல வாங்கினது” என்றான். “நீளம் சரியா இருக்கும். அவ அளவுதான் எனக்குத் தெரியுமே.”

“நல்ல நாடா” என்றாள் ஹெஸ்டர்.

சட்டைப்பையிலிருந்து கடிதக் கட்டை எடுத்தான். ஒன்றைப் பிரித்தான். தொட்டுத் தொட்டு மடிப்பு கிழிந்திருந்தது.

“நவம்பர்ல எழுதினது. ஆஸ்பத்திரியில படுக்கை வந்துச்சாம், எனக்கு எதுக்கு, நான்தான் இளைக்கலையே, இன்னொருத்திக்குக் கொடுங்கன்னு சொல்லிட்டேன்னு எழுதியிருக்கா. பிப்ரவரியிலயும் அதேதான். நாடா நின்ன இடத்துலயே நிக்குதுங்கிறா.” காகிதத்தை மடித்தான். “அவ அதுல பொய் சொல்ல மாட்டா அக்கா. அது அவ வேலை. அப்புறம் எப்படி மூணே வாரத்துல?”

ஹெஸ்டர் எழுந்து போய், மறுபடி குமிழ் மாட்டி நாடா முடிந்து வைத்திருந்த கார்செட்டைக் கொண்டுவந்தாள். பிஸ்கட் டின்னையும் கொண்டுவந்தாள்.

ரூபன் கார்செட்டைக் கையில் எடுத்தான். இரண்டு கையாலும் இடுப்புப் பக்கம் பிடித்தான். அவன் கைகளுக்கு ஒரு அளவு தெரியும். அந்த அளவில் அவை இப்போது நிற்கவில்லை, உள்ளே போய்க்கொண்டே இருந்தன. நிமிர்ந்து பார்த்தான்.

“இது அவளோடதில்ல.”

“அவளோடதுதான்.”

அவன் அதைக் குப்புற வைத்து, முடிச்சை அவிழ்த்து, நாடாவைத் தளர்த்தினான். அவசரப்படவில்லை. இடுப்பிலிருந்து மேலே ஒவ்வொரு கண்ணாக, பிறகு கீழே ஒவ்வொரு கண்ணாக. முழுசாகத் தளர்ந்த பிறகுதான் முன்னால் திருப்பிக் குமிழ்களைக் கழற்றினான். ஒரு குமிழும் தெறிக்கவில்லை. விரித்து மேசைமேல் வைத்தான்.

ஹெஸ்டர் டின்னைத் திறந்து துண்டுகளை எடுத்தாள். கடைசியாக வெட்டினதை முதலில், ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்றாக, கார்செட்டின் ஓரத்தை ஒட்டி வைத்தாள். அதற்கு வெளியே மூன்றாவது ஜோடி. அதற்கும் வெளியே இரண்டாவது, முதலாவது. வைக்க வைக்கக் கார்செட் அகன்றுகொண்டே வந்தது. எட்டுத் துண்டும் வைத்து முடித்தபோது மேசைமேல் இருபத்தி நாலு அங்குல இடுப்புள்ள ஒரு பெண்ணின் கார்செட் கிடந்தது. ரூபன் அதைப் பார்த்தான். இந்த அளவு அவனுக்குத் தெரியும்.

அவள் சொன்னாள். ஜூலையில் விரல் நுழையாததை, சாப்பிடாததை, வினிகரை. டாக்டர் தன் பக்கம் திரும்பிக் கேட்டதை. தான் சொன்ன பதிலை, அதே வார்த்தையில்.

 தேநீர் ஆறி, மேலே ஆடை படிந்தது.

“அந்தப் பொண்ணு என்ன ஆனா? படுக்கை கிடைச்சவ.”

“தெரியல.”

“இவ போயிருந்தா பிழைச்சிருப்பாளா?”

“தெரியலடா. யாருக்கும் தெரியாது.”

“டாக்டர்கிட்ட போனப்ப எதுவரைக்கும் வெட்டியிருந்தே?”

ஹெஸ்டர் இரண்டாவது ஜோடியைத் தொட்டாள். “இது வரைக்கும் வெட்டியாச்சு.”

அவன் தலையசைத்தான். வெளியே கிடந்த முதல் ஜோடியை எடுத்தான், இரண்டாவது ஜோடியை எடுத்தான். நான்கையும் கார்செட்டுக்குள் வைத்து மெதுவாகச் சுருட்டினான். பட்டு நாடாவால் சுற்றிக் கட்டினான். நாடா ஆறு கஜம், அதனால் பல சுற்று வந்தது.

மேசைமேல் மிச்சமிருந்தது நான்கு துண்டு. டாக்டரைப் பார்த்து வந்த பிறகு, கிறிஸ்துமஸுக்கு வெட்டினதும் பிப்ரவரியில் வெட்டினதும். ரூபன் அவற்றை விரலால் ஒவ்வொன்றாக மேசையின் இந்தப் பக்கத்துக்குத் தள்ளினான்.

“இது உன்னோடது அக்கா” என்றான்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் உட்கார இடம் கிடைத்திருக்கும். பையை எடுத்துக்கொண்டான். வாசலில் குனிந்து போனான், அந்த வீட்டின் நிலை எப்போதும் அவனுக்குத் தாழ்வு. போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

ஹெஸ்டர் ஆறின தேநீரை எடுத்துக் கழுநீரில் ஊற்றினாள். ரொட்டியைத் துணிபோட்டு மூடினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, நான்கு துண்டையும் நேர் செய்தாள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, கண்கள் ஒன்றுக்கொன்று எதிராக வருகிற மாதிரி. நடுவில் இடைவெளி விட்டாள். மேலே கொஞ்சம் விரிந்திருந்தது, சரி செய்தாள். அப்புறம் இரண்டு விரலை நடுவில் வைத்துப் பார்த்தாள்.

சரியாக இருந்தது.